பழைய படகு எஞ்சினை எடைக்குப் போடலாமா?

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, வர்ணம் பூசுவது, வசதிப்பட்டவர்கள் புது எஞ்சின் பூட்டுவது எல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான். புது எஞ்சினுக்கு ஆகும் கடன், வட்டி, ஷாப்ட், புரொப்பெல்லர் என்று காசு காசாகக் கணக்குப் பார்க்கும் உரிமையாளர், கழற்றி இறக்கிய பழைய எஞ்சின் விஷயத்தில் மட்டும் கணக்கை மறந்துவிடுகிறார். அது மணலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. நாலு மழை பெய்து, உப்புக்காற்றும் பட்ட பிறகு பழைய இரும்புக் கடைக்காரர் வந்து எடை போட்டு எடுத்துப் போகிறார்.

இது வீண் நஷ்டம். எஞ்சினை மாற்றுகிறவர்கள் எல்லோரும் அது கெட்டுப்போனதால் மாற்றுவதில்லை. தங்கு கடலுக்குப் போக வேகம் போதவில்லை, வலை இழுக்கச் சக்தி போதவில்லை என்பதற்காக மாற்றுகிறவர்களே அதிகம். அப்படிக் கழற்றிய அசோக் லேலண்ட், கிர்லோஸ்கர் எஞ்சின்களில் இன்னும் சில ஆண்டு உழைப்பு பாக்கியிருக்கும். பிளாக்கில் விரிசல் விட்டது, உதிரிப் பாகம் கிடைக்காத மிகப் பழையது, இவை இரண்டும் இரும்புக் கடைக்குப் போகட்டும். மற்றவற்றை எஞ்சினாகவே விற்க வேண்டும்.

விற்கும் நேரம்தான் முக்கியம். எஞ்சினைக் கிரேன் வைத்துத் தூக்குவதற்கு முன், படகு தண்ணீரில் நிற்கும்போதே வாங்குகிறவரை வரவழைத்து ஓட்டிக் காட்டிவிடுவது உத்தமம். படகு எஞ்சின் கடல் நீரால் குளிர்விக்கப்படுவது. மணலில் வைத்து அதைச் சும்மா ஓட்ட முடியாது. தடைக்காலம் தொடங்கும் முன்பே, ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நடை கடலுக்கு அழைத்துப்போய், வலை இழுக்கும் பாரத்தில் அது எப்படி இருக்கிறது என்று காட்டினால் இன்னும் நல்லது. காதால் கேட்டு வாங்குகிறவர் தரும் விலையைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்குகிறவர் ஒருநாளும் தரமாட்டார்.

வாங்குகிறவர் கவனிக்க வேண்டியவையும் உண்டு. முதலில் கையை வைத்துப் பார்க்க வேண்டியது எஞ்சின் பிளாக்கை. அது வெதுவெதுப்பாக இருந்தால், ஆள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை சுற்றில் பிடிக்கிறது என்பதே அதன் உண்மை நிலையைச் சொல்லும். பாரத்தில் கரும்புகை தள்ளினால் நாசில், பம்ப் கோளாறாகவோ காற்று போதாததாகவோ இருக்கலாம். செலவு அநேகமாகச் சிறியது. நீலப்புகை என்றால் ரிங்கும் லைனரும் தேய்ந்து ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெண்புகை நிற்கவில்லையானால் தண்ணீர் எங்கோ உள்ளே போகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். அளவுகோலை உருவிப் பார்த்தால் ஆயில் மோர் போல வெளுத்திருப்பது அதை உறுதிப்படுத்தும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வந்தால் பேரம் பேச வேண்டியதில்லை, திரும்பிவிடலாம்.

பேரிங் தேய்ந்த எஞ்சினில் கெட்டியான ஆயிலை ஊற்றி, மானியில் அழுத்தம் சரியாகக் காட்ட வைப்பதும், விரிசல் மேல் பளபளவென்று புது வர்ணம் பூசுவதும் பழைய தந்திரங்கள். லாரி எஞ்சினிலும் இதைச் செய்கிறார்கள்தான். ஆனால் லாரி நின்றால் சாலை ஓரத்தில் நிற்கும். பாக் நீரிணையில் நள்ளிரவில் எஞ்சின் நின்ற படகு நின்ற இடத்தில் நிற்பதில்லை. நீரோட்டமும் காற்றும் இழுத்த பக்கம் போகிறது. 1974-ல் வகுத்த எல்லைக்கோடு அங்கே கரைக்கு மிக அருகில் ஓடுகிறது. கோடு தாண்டினால் படகும் போகும், ஆட்களும் சிறையில் இருப்பார்கள். பழுதை மறைத்து விற்பவர் கூடுதலாகப் பெறும் சில ஆயிரம் ரூபாய்க்காக, முகம் தெரியாத நாலைந்து குடும்பங்கள் மாதக்கணக்கில் தவிக்க நேரலாம். ஆகவே இன்ன பழுது உண்டு என்று சொல்லி, விலையைக் குறைத்து விற்பதே முறை. தரகர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

காகித வேலையைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். எஞ்சின் எண்ணும் குதிரைத்திறனும் படகின் பதிவில் இருப்பவை. புது எஞ்சினை மீன்வளத் துறை அலுவலகத்தில் பதிவு செய்துகொள்வதோடு, பழையது யாருக்கு, எந்தத் தேதியில், எந்த எண்ணுடன் விற்கப்பட்டது என்று இருவரும் கையெழுத்திட்ட ரசீதும் வைத்திருக்க வேண்டும். மானியத்தில் வாங்கியதானால் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்து, அனுமதி பெற்ற பிறகே கைமாற்ற வேண்டும். வாங்குகிறவரும் ஒன்றை நினைவில் வைப்பது நலம். தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-ன் கீழ் 2020-ல் வந்த விதிகள் விசைப்படகு எஞ்சினுக்கு 240 குதிரைத்திறன் என்று உச்சவரம்பு வைத்துள்ளன. மலிவாகக் கிடைக்கிறதென்று அதற்கு மேற்பட்டதை வாங்கிப் பூட்டினால் படகே முடங்கும்.

உடனே விலை போகாவிட்டால் எஞ்சினைப் பாதுகாப்பது அப்படியொன்றும் கஷ்டமான வேலை அல்ல. நல்ல தண்ணீரை உள்ளே ஓடவிட்டு உப்பைக் கழுவி, தண்ணீரை முழுவதும் வடித்துவிட வேண்டும். சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, காற்றுக் குழாய், புகைக் குழாய் வாய்களை இறுக மூடிக் கட்டி, மரக்கட்டை மேல் ஏற்றிக் கூரைக்குள் வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை கையால் சுற்றிவிட்டால் ரிங் ஒட்டிக்கொள்ளாது. செல்ஃப் மோட்டாரை ஒருவர், டீசல் பம்பை ஒருவர் என்று கழற்றிக் கேட்பார்கள். கொடுத்துவிட்டால் மிச்சம் இரும்புதான்.

படகுக்காரர் வாங்காவிட்டால் கரையோர விவசாயியும் இறால் பண்ணைக்காரரும் வாங்கக்கூடும். வள்ளத்தில் ஓடிய சிறிய எஞ்சின் ஆற்றுப் பாசனத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போதும். விசைப்படகின் பெரிய எஞ்சினைப் பம்புக்கு வைப்பது எலி பிடிக்க யானையைக் கட்டியது போலாகும். டீசல் குடித்தே ஆளைக் கவிழ்க்கும். அது ஜெனரேட்டருக்குப் பொருந்தும். இரவில் மின்சாரம் நின்று காற்றுச் சக்கரம் சுற்றாமல் போனால் குளத்து இறால் விடிவதற்குள் செத்து மிதக்கும் என்பதால், நாகை, வேதாரண்யம் பக்கத்துப் பண்ணைகளுக்கு இரண்டாவது ஜெனரேட்டர் ஆடம்பரம் அல்ல.

ஆனால் அப்படியே தூக்கி வைத்து ஓட்டிவிட முடியாது. கடல் நீர்க் குளிர்விப்பை எடுத்துவிட்டு ரேடியேட்டரும் விசிறியும் பொருத்த வேண்டும். படகு எஞ்சினில் புகை போகும் பகுதியும் தண்ணீரால் குளிர்விக்கப்படுவதால், அதற்கும் தண்ணீர் ஓட வழி செய்ய வேண்டும், அல்லது அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். இதைப் பலர் விட்டுவிட்டு ஒரே வாரத்தில் எஞ்சினை வேகவைத்துவிடுகிறார்கள். 50 சைக்கிள் மின்சாரத்துக்கு, நான்கு துருவ ஆல்டர்னேட்டரை நிமிஷத்துக்கு 1500 சுற்று வேகத்தில், பாரம் ஏறினாலும் இறங்கினாலும் மாறாமல் சுற்ற வேண்டும். படகில் வேகத்தை ஏற்றி இறக்கிப் பழகிய கவர்னரை இதற்காகப் பம்ப் பட்டறையில் கொடுத்துத் திருத்தி வாங்குவது அவசியம். இந்தச் செலவையெல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, பிறகு எஞ்சினுக்கு விலை சொல்லலாம். கியர் பெட்டி பண்ணைக்காரருக்குத் தேவைப்படாது. அதைப் படகுக்காரர் தன்னிடமே நிறுத்திக்கொண்டு, அதே பல் விகிதம் தேவைப்படும் இன்னொரு படகுக்குத் தனியாக விற்றுக்கொள்ளலாம்.