பயிற்சிக்குப் படியளப்பது யார்?

மட்டக்களப்பின் கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் 1982 இல் ஓர் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கியது. பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இன்று இசை, நடனம், நாடகம், கட்புலக் கலை எனப் பல துறைகளில் பட்டதாரிகளை உருவாக்கி வருகிறது. வருடக்கணக்கில் மேடையிலும் ஒத்திகையிலும் கழித்த இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் படிப்பு முடிந்ததும் கண்ணுக்குத் தெரிகிற கதவு ஆசிரியர் நியமனம் ஒன்றுதான். அது திறக்கப்படாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2017 இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் நடத்திய சத்தியாக்கிரகத்தில் பார்த்தோம். அதே காலத்தில் கொழும்பில் தொலைக்காட்சி, எஃப்.எம். வானொலி, விளம்பரப் படம், இசைப்பதிவு, நிகழ்ச்சி ஏற்பாடு என்று ஒரு பொழுதுபோக்குத் தொழில்துறை தமிழிலும் வளர்ந்து நிற்கிறது. அதற்குள் நுழையும் வாசல் உள்ளகப் பயிற்சி, பிள்ளைகளின் வாயில் இன்டர்ன்ஷிப். அந்த வாசலில் சம்பளம் இல்லையென்றால் மட்டக்களப்புப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் விண்ணப்பப் படிவத்தைத் தொடுவதற்கு முன்பே தோற்றுவிடுகிறாள் என்பதுதான் என் வாதம்.

கணக்கைப் பார்ப்போம். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். பஸ்ஸிலோ ரயிலிலோ போனால் ஒரு பகலோ ஓர் இரவோ முழுதாகப் போய்விடும். ஆகவே பயிற்சிக்குப் போகிறவர் அங்கேயே தங்க வேண்டும். வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ போடிங், மூன்று வேளைச் சாப்பாடு, பஸ் காசு, இரவு ஷிஃப்ட் முடிந்தால் முச்சக்கரவண்டிக் கூலி. ஒரு பெண்பிள்ளை என்றால் பாதுகாப்பான இடமாகப் பார்க்க வேண்டும், வாடகையும் அதற்கேற்றபடி ஏறும். மறுபக்கத்தில் வரவு என்ன? பல்கலைக்கழக மாணவருக்கு மகாபொல புலமைப்பரிசில் 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்தது. தனியார்துறைக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயரும் என்று அதே வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. ஒரு மனிதர் மாதமொன்றைக் கடத்துவதற்கு இதற்குக் குறைந்து முடியாது என்று அரசே ஒத்துக்கொண்ட தொகை அது. அப்படியிருக்க, ஆறு மாதம் ஒரு சதமும் இல்லாமல் கொழும்பில் வேலை பழகு என்று மட்டக்களப்பின் படுவான்கரையில் வயல் செய்கிற குடும்பத்துப் பிள்ளையிடம் சொல்வதற்கு என்ன அர்த்தம்? பத்தாயிரம் பேர் விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரத்தில் போட்டாலும், கொழும்பில் மாமா வீடு உள்ளவர்தான் போகப்போகிறார்.

சம்பளம் ஒரு பக்கம். இடம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியவராது என்பது இன்னொரு பக்கம். இந்தத் துறையில் பயிற்சி இடங்கள் பெரும்பாலும் ஆள் மூலம் ஆளுக்குப் போகிறவை. தயாரிப்பாளருக்குத் தெரிந்தவரின் மகன், அறிவிப்பாளரின் வகுப்புத் தோழி, யாரோ அனுப்பிய வட்ஸ்அப் செய்தி. பெரிய நிறுவனங்கள் எல்லாமே இப்படித்தான் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் வோல்ட் டிஸ்னி நிறுவனம் தன் தொழில்முறைப் பயிற்சி இடங்களை ஒவ்வொரு பருவத்துக்கும் பணியிடம் பணியிடமாகப் பகிரங்கமாக அறிவிக்கிறது. எந்த ஊர், என்ன வேலை, எத்தனை மாதம், என்ன தகைமை என்பதெல்லாம் அதில் இருக்கும். செய்த வேலைக்கு ஊதியமும் உண்டு. அந்த இடங்கள் அமெரிக்காவில் வேலை செய்ய உரிமை உள்ளவர்களுக்கே என்பதால் நம் பிள்ளைகளுக்கு அவற்றால் நேரடிப் பயன் இல்லை. ஆனால் உலகின் மிகப் பெரிய பொழுதுபோக்கு நிறுவனங்களில் ஒன்று அறிவித்து ஆள் எடுத்துக் காசும் கொடுத்த பின்னும் நட்டப்பட்டு மூடிவிடவில்லை என்பதையாவது கவனிக்கலாம்.

பயிலுநர் ஒரு சுமை, அவருக்குப் பழக்க நம் ஆள் மினக்கெட வேண்டும், அதற்கு மேல் சம்பளமும் வேறா என்று நிறுவனத்தார் கேட்பார்கள். முதல் சில வாரங்களுக்கு அது நியாயமான கேள்விதான். கமராவின் எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாதவரால் உடனே வரவு இல்லை. அதற்குப் பிறகு? ஒளிப்பதிவுகளைப் பார்த்துக் குறிப்பு எழுதுவது, சிங்களத்தில் வந்த செய்தியைத் தமிழாக்குவது, விருந்தினரை அழைத்து நேரம் குறிப்பது, உபதலைப்புப் போடுவது என்று சம்பள ஆள் செய்ய வேண்டியவற்றைப் பயிலுநர்தான் செய்வார். இந்தப் பிணக்கு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2010 இல் வெளிவந்த ‘பிளாக் ஸ்வான்’ படத்தின் தயாரிப்பில் சம்பளமில்லாமல் வேலை செய்த இரண்டு பயிலுநர்கள் 2011 இல் ஃபொக்ஸ் சர்ச்லைட் நிறுவனத்துக்கு எதிராக நியூயோர்க்கில் வழக்குப் போட்டார்கள். போட்டோகொப்பி எடுப்பது, சாப்பாட்டு ஓடர் எடுப்பது, கோப்புகளை அடுக்குவது போன்றவைதான் அவர்கள் பெற்ற பயிற்சி. சுமார் 130 இலட்சம் டொலரில் எடுக்கப்பட்ட அந்தப் படம் உலகம் முழுதும் 30 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. 2013 இல் நீதிபதி அந்தப் பயிலுநர்களைத் தொழிலாளர் என்றே தீர்ப்பளித்தார். 2015 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்து, பயிற்சியால் அதிக நன்மை பெறுவது பயிலுநரா நிறுவனமா என்று பார்க்க வேண்டும் என்றது. 2016 இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆகவே பயிலுநர்கள் முழுதாக வென்றார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த இரண்டாவது நீதிமன்றம் கேட்ட கேள்வி நமக்கும் போதும். யாருக்கு நன்மை அதிகம் என்று கொழும்பு நிறுவனங்கள் தங்களைத் தாங்களே கேட்டுப் பார்க்கட்டும்.

இன்னொரு எதிர்வாதம் நம் ஊருக்குள்ளிருந்தே வரும், அதை அவ்வளவு இலேசாகத் தட்டிவிட முடியாது. கலை என்றைக்குக் காசுக்குப் பழகப்பட்டது, கூத்துக்காரன் சம்பளம் கேட்டானா என்பார்கள். கேட்கவில்லை. ஆனால் மட்டக்களப்பில் வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் எப்படிப் பழக்கப்பட்டன என்று சற்று நின்று பார்க்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கூடி, ஆட வேண்டிய கூத்தைத் தீர்மானித்து, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரை அழைப்பார்கள். குரல், உயரம், ஆட்டத்தின் உறுதி எல்லாம் பார்த்து அவர் ஆட்களைத் தெரிவுசெய்வார். நல்ல நாள் பார்த்துச் சட்டம் கொடுப்பார்கள், அதாவது அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும் எழுதிய ஏடு ஊர் பார்க்கக் கைக்கு வரும். பிறகு மாதக்கணக்கில் இரவு இரவாகக் களரியில் பழக்கம், சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம். இத்தனை காலமும் கூத்தர் பகலில் தன் வயலைப் பார்த்தார், இரவு தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் களரிக்கு வந்தார். அண்ணாவியாருக்குரிய மரியாதையும் செலவும் ஊர் பொறுப்பு. யாருக்கு ஏன் தருமன் வேடம் கிடைத்தது என்பது எல்லாருக்கும் தெரியும், பிடிக்காதவர் முகத்துக்கு நேரே சண்டையும் பிடிப்பார். காசு இல்லாத பயிற்சிதான் இது, ஆனால் செலவில்லாத பயிற்சியல்ல. செலவைப் பழகுகிறவரின் தலையில் கட்டாமல் ஊர் ஏற்றுக்கொண்டது. அந்த முறையை நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடிய களரி அது, பெண்பிள்ளைக்கு அங்கே இடம் இருக்கவில்லை. ஆனாலும் சம்பளமில்லாப் பயிற்சிக்குக் கூத்தைச் சாட்சிக்கு இழுப்பவர்கள், கூத்து செய்த மற்றக் காரியங்களையும் செய்ய முன்வர வேண்டும்.

ஊர்க் களரி பல்கலைக்கழகத்துக்குப் போன கதையும் இதையே சொல்கிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றை மேடையேற்றியபோது, மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். அன்று ஆடிய மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பின்னர் நாடகப் பேராசிரியராகி, ‘இராவணேசனை’ மறுபடி மறுபடி புதிதாக்கி மேடையேற்றினார். இலவசக் கல்வியும் விடுதியும் இருந்ததால்தான் மட்டக்களப்புக் கிராமத்துப் பிள்ளைகளால் பேராதனையில் தங்கி இரவிரவாக ஒத்திகை பார்க்க முடிந்தது. தங்கும் செலவை அன்று அவர்களிடமே கேட்டிருந்தால் ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றில் எந்தெந்தப் பெயர்கள் இல்லாமல் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சம்பளம் கட்டாயமென்றால் இடங்கள் குறையும் என்பதும் உண்மைதான். அமெரிக்காவில் இத்தகைய வழக்குகள் வந்தபோது கொண்டே நாஸ்ட் என்ற பெரிய சஞ்சிகை நிறுவனம் 2013 இல் தன் பயிற்சித் திட்டத்தையே நிறுத்திவிட்டது. ஆனால் குறைகிற இடங்கள் யாருடையவை? மட்டக்களப்பாரும் மலையகத்தாரும் மன்னாராரும் எடுக்க முடியாத பத்து இடங்கள் இருப்பதும் இல்லாததும் அவர்களுக்கு ஒன்றுதான். சம்பளத்தோடு மூன்று இடங்கள் இருந்தால் அந்த மூன்றில் ஒன்றுக்காவது அவர்கள் போட்டியிட முடியும். சட்டத்துக்கும் இது புதிய விடயம் அல்ல. தனியார்துறையில் பயிலுநரை அமர்த்துவது பற்றி 1978 இலேயே 8 ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. தச்சு, மின்னியல், வாகனத் திருத்தம் பழகும் இளைஞருக்குப் பயிலுநர் முறையை ஒழுங்குபடுத்த அரச அதிகாரசபையே இருக்கிறது. ஒலிக்கலவை பழகுகிறவர் மாத்திரம் கலையின் பேரால் பட்டினி கிடக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

வீட்டிலிருந்தே மடிக்கணினியில் தொகுப்பு வேலை பழகலாமே, யூடியூபில் எல்லாம் இருக்கிறதே என்பது இளையவர்களே சொல்லும் மறுப்பு. பாதிக்குச் சரி. தொகுப்பு, உபதலைப்பு, குரலை எழுத்தாக்குவது போன்றவற்றுக்குக் கொழும்பு தேவையில்லை, அந்தப் பகுதிப் பயிற்சியை மட்டக்களப்பிலேயே வைத்தால் நிறுவனத்துக்கும் செலவு குறையும். ஆனால் நேரடி ஒலிபரப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மைக் செத்துப்போனால் என்ன செய்வது என்பதைக் கலையகத்தில் நின்றுதான் பழக வேண்டும். வேலை கொடுக்கிறவர் பெயர் சொல்லி நினைவு வைக்கிற பழக்கமும் அங்கேதான் உண்டாகிறது.

நிறுவனங்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. நம் பிள்ளைகள் எழுதும் விண்ணப்பங்களும் பல நேரம் காரியத்தைக் கெடுக்கின்றன. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் புள்ளியிலிருந்து தொடங்கி, ஒருநாள் செயலமர்வுச் சான்றிதழ்கள் வரை நான்கு பக்கம் வரும். செய்த வேலை கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக ஒளிந்திருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. கூத்து ஒன்றைத் திறந்தவெளியில் பதிவு செய்வது எவ்வளவு கடினம் என்று இதே பிள்ளைகளுக்குத் தெரியும். மத்தளத்துக்குக் கிட்ட மைக்கை வைத்தால் பாட்டு அமுங்கும், தூர வைத்தால் சதங்கை ஒலி காற்றோடு போகும், ஆடுகிறவர் சுற்றிவரும்போது குரல் ஏறி இறங்கும். இதை ஒருவாறு சமாளித்து எடுத்த மூன்று நிமிடப் பதிவும், எப்படிச் சமாளித்தேன் என்ற அரைப் பக்கக் குறிப்பும் எந்த ஒலிப்பொறியியலாளரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். கூத்துக்குக் கரப்புடுப்புத் தைத்த கை, ஒப்பனை போட்ட கை, ஐம்பது பேர் குழுவுக்கு ஒத்திகை நேரம் வகுத்த கை எல்லாம் தொழில்துறைக்கு வேண்டியவை. இவற்றை ஒரு விண்ணப்பமாக எழுதப் பழக்குவது கல்லடி நிறுவகத்தின் கடமை. பயிற்சிக் காலத்தைப் பட்டப் புள்ளியில் சேர்ப்பதும், பயிலுநர் வெறும் போட்டோகொப்பிதான் எடுக்கிறாரா என்று விரிவுரையாளர் ஒருவர் போய்ப் பார்ப்பதும் அதோடு சேர வேண்டும்.

ஆக, கொழும்பிலுள்ள தமிழ் அலைவரிசைகளிடமும் தயாரிப்பு நிறுவனங்களிடமும் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இடங்களை மூன்று மாதம் முன்கூட்டியே தமிழில் பகிரங்கமாக அறிவியுங்கள். நேர்முகத் தேர்வின் முதற்சுற்றை மட்டக்களப்பிலோ காணொளியிலோ வையுங்கள். குறைந்தபட்சச் சம்பள அளவுக்காவது கொடுப்பனவு கொடுங்கள். மாதம் 30,000 ரூபா என்று வைத்தால் ஒரு பயிலுநருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு இலட்சத்து எண்பதாயிரம், ஐந்து பேருக்கு ஒன்பது இலட்சம். வடக்கு, கிழக்கு, மலையகம் என்று நாட்டின் தமிழ்க் காதுகளையெல்லாம் எண்ணி விளம்பரம் விற்கும் நிறுவனம் ஒன்றின் கணக்கில் இந்த ஒன்பது இலட்சம் எந்த வரியில் போய் விழும் என்பதை அவர்களின் கணக்காளர்களே சொல்லட்டும்.