குப்பைமேட்டில் ஒரு நட்பு

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் பெருவழியில் உள்ள ஊர் கிளியனூர். இத்தகைய ஊர்களில் வீட்டுக் குப்பையை வாங்கிச் செல்லும் தூய்மைக் காவலரை நாம் முகம் அறிவோம். அவர் எந்தத் தெருவினர், யாருடைய தாய் என்பதும் அறிவோம். பெருநகரத்தின் நிலை வேறு. வாயிலைக் கடந்த குப்பை எங்கே செல்கின்றது என்பதே அங்குப் பலருக்குத் தெரியாது. வடசென்னையைச் சார்ந்த கொடுங்கையூரில் 300 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் அது மலையெனக் குவிந்தது. அக்குப்பையைக் கிளறிப் பிழைத்த குடும்பங்கள் பல.

அவர்கள் செய்வது பிச்சை அன்று, தொழில். செம்புக் கம்பி வேறு, அலுமினியம் வேறு. பிளாஸ்டிக்கிலும் தண்ணீர்ப் புட்டி ஒரு வகை, உடைந்த வாளி ஒரு வகை, பால் உறை மற்றொரு வகை. கலந்து கொண்டுசென்றால் காயலான் கடையில் விலை குறையும். ஆதலால் கண்ணும் விரலும் தேர்ச்சி பெற்றிருத்தல் வேண்டும். புகையும் கண்ணாடித் துண்டும் ஊசியும் நிறைந்த இடத்தில் பெற்ற தேர்ச்சி அது.

இவர்களைப் படம் பிடிக்க வருவோர் உண்டு. ஒரு பிற்பகலில் வந்து, அழுக்கு முகம் ஒன்றையும் வெறுங்கால் ஒன்றையும் எடுத்துக்கொண்டு சிலர் போய்விடுவர். அப்படம் பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று. அது இரக்கத்தை எழுப்புமேயன்றி மதிப்பை எழுப்பாது. பெயரும் கேளாமல் எடுத்த படத்தில் குப்பைதான் தெரிகின்றது என்பது என் கருத்து.

பிரேசில் நாட்டுக் கலைஞர் விக் முனிஸ் வேறு வழியை மேற்கொண்டார். ரியோ டி ஜெனிரோ நகரை அடுத்த ஜார்டிம் கிராமாச்சோ என்னும் பெருங்குப்பைமேட்டில் உழைத்தோருடன் அவர் நெடுநாள் பழகினார். அவர்களுடைய உருவங்களைத் தரையில் பெரிதாக ஒளிவீச்சால் காட்டி, மேட்டிலிருந்து கொணர்ந்த பொருள்களை அவர்களைக் கொண்டே அதன்மேல் அடுக்குவித்தார். பின்னர் உயரத்திலிருந்து அதனைப் படம் பிடித்தார். தொழிலாளர் சங்கத் தலைவர் தியாவோவின் உருவம் லண்டனில் ஏலத்தில் விற்றது. அப்பணம் தொழிலாளர் நலனுக்கே சென்றது. 2010இல் வெளிவந்த ‘வேஸ்ட் லேண்ட்’ என்னும் ஆவணப்படம் இவ்வரலாற்றைக் கூறும்.

சில நாள் கலைக்கூடத்தில் இருந்தவர் மீண்டும் மேட்டுக்குத் திரும்பினால் மனம் உடையாதோ என்னும் வினா முனிஸின் குழுவினரிடையே எழுந்தது. அதற்கு எளிய விடை இல்லை. எனினும், பழகியவருக்கே அத்தகைய வினா எழும். பிற்பகலில் வந்து போனவருக்கு எழாது.

நம் நாட்டில் மதுரைப் பகுதியைச் சேர்ந்த பழனி குமாரும் இவ்வகையில் எண்ணத்தக்கவர். மீன் விற்ற தாயின் மகனாகிய அவர், 2017இல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். தூய்மைப் பணியாளரின் வாழ்வைத் தொடர்ந்து படமெடுத்ததோடு நில்லாமல், உழைக்கும் மக்களின் பிள்ளைகள் கையில் காமிராவைக் கொடுத்துப் பயிற்றுவித்தும் வருகின்றார். தம் தாயைத் தாமே படமெடுக்கும் பிள்ளை எவரிடமும் இரக்கம் வேண்டி அதனை எடுப்பதில்லை.

ஜார்டிம் கிராமாச்சோ 2012இல் மூடப்பட்டது. சங்கமாகத் திரண்டிருந்த தொழிலாளர் இழப்பீடு கேட்டுப் பெற்றனர். கொடுங்கையூரிலும் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் திட்டம் வகுக்கப்பட்டது. நிலம் மீள்வது நன்றே. ஆயினும் அங்கு உழைத்தோர் இன்னார் என்று நாளை எவரேனும் சான்று கேட்டால், சம்பளப் பட்டியலில் பெயரில்லாத அக்குடும்பங்கள் எதனைக் காட்டும்? நாளும் பெயரும் பின்புறம் எழுதிய ஒரு புகைப்படம் வீட்டில் இருந்தால், அதனையாவது காட்டலாம்.