பழி அடுப்பின் மேல் இல்லை

மாலையானால் ஊரூர் ஆல்காட் குப்பத்தை ஒட்டிய பெசன்ட் நகர் கடற்கரையில் மீன் வறுவல் கடைகள் களைகட்டிவிடும். மசாலா தடவிய வஞ்சரமும் சங்கராவும் தட்டில் வரிசையாக இருக்க, அகலமான இரும்புக் கல்லுக்கு அடியில் அடுப்பு உஸ்ஸென்று இரையும். கடல் காற்று சுடரைக் கலைத்துவிடாமல் இருக்கச் சுற்றிலும் தகரத் தடுப்பு. சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு ஒரு குறை: வீட்டில் வறுத்தால் ஏன் இந்த மொறுமொறுப்பு வருவதில்லை? ஹோட்டல் அடுப்பு ஒன்று வாங்கிப் போட்டால் என்ன?

வேண்டாம்.

சுடரின் சூடு இரண்டு அடுப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வாயு எரிகிறது என்பதில்தான் வித்தியாசம். வீட்டு ரெகுலேட்டர் வாயுவின் அழுத்தத்தைச் சுமார் 30 மில்லிபாருக்கு இறக்கித்தான் அனுப்பும். கடைகளின் ஹை பிரஷர் அடுப்புக்கு அதைவிடப் பல மடங்கு அழுத்தம் போகும். வீட்டு பர்னரை 2 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால் 14.2 கிலோ சிலிண்டர் தொடர்ந்து 90 மணி நேரம் எரியும். 10 கிலோவாட் அடுப்பில் 18 மணி நேரத்தில் காலி. அதிலும் பாத்திரத்தைத் தாண்டி வெளியே வழியும் சுடர் யாருக்கும் உதவாது. வீட்டு அடுப்பு குறைந்தது 68 சதவீத வெப்பத்தையாவது பாத்திரத்துக்குத் தர வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

கடைக்காரருக்கு அந்த வேகம் தேவை. ஐஸில் இருந்த மீன் பத்துத் துண்டு ஒரே நேரத்தில் விழும்போது கல் சட்டென்று ஆறிவிடும். அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கிறார். வீட்டில் நாலு துண்டுக்கு என்ன அவசரம்? மீன் பொரிய எண்ணெய் 180 டிகிரி வந்தால் போதும். அதை வீட்டு பர்னர் தாராளமாகத் தரும், கொஞ்சம் பொறுத்திருந்தால்.

இன்னொன்று, கடற்கரையில் புகையும் வெப்பமும் காற்றோடு போய்விடும். அடுக்குமாடி வீட்டின் சின்ன சமையலறையில் அவை எங்கே போகும்? எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். அழுத்தம் கூடினால் அதே ஓட்டை வழியே கசிவும் கூடும். வீட்டுச் சிவப்பு சிலிண்டரைக் கடையில் வைப்பது 2000-ஆம் ஆண்டு ஆணைப்படி குற்றம் என்று பலருக்கும் தெரியும். கடை அடுப்பு வீட்டுக்குள் வருவதைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியது அந்தக் கனமான இரும்புக் கல்லைத்தான். கல்லைப் பத்து நிமிடம் காய விடுங்கள். மீனின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மசாலா தடவி, மூன்று மூன்று துண்டாகப் போடுங்கள். அடுப்பு மாற்றும் பணத்தில் ஐந்து ஆண்டு ஆன ரப்பர் குழாயை மாற்றி, எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றையும் மாட்டிவிடலாம்.