மொக்கைக் கத்தியும் மூன்று தையலும்

மொக்கைக் கத்தி சாது என்று நினைக்கிறோம். தப்பு சார்! கூரான கத்தி நாம் சொன்ன இடத்தில் இறங்கும். மொக்கைக் கத்தியை அழுத்த வேண்டியிருக்கிறது. அது பரங்கிக்காய்த் தோலில் வழுக்கி விரலுக்கு வந்துவிடுகிறது. எங்கம்மாவின் ஆள்காட்டி விரலில் மூன்று தையல் அப்படி வந்ததுதான்.

"சைக்கிள் சாணைக்காரர் வருவாரேங்க" என்றாள் மனைவி. வருவார், நாம் ஊருக்குப் போயிருக்கும்போது! நாமே ஒன்று வாங்குவது என்று தீர்மானம் நிறைவேறியது.

பாத்திரக் கடையில் முதலில் காட்டியது, பள்ளத்தில் கத்தியை விட்டு இழுக்கிற பிளாஸ்டிக் சமாச்சாரம். "நாலு இழு சார், பளிச்!" பளிச்தான். ஆனால் உள்ளே இருக்கிற கார்பைடு துண்டுகள் கத்தியின் உலோகத்தையே சீவி எடுத்துத்தான் கூர் தருகின்றன. நான் பி.காம். எங்கள் பாஷையில் இதற்குத் தேய்மானம் என்று பெயர், அதுவும் அதிவேகத் தேய்மானம். மலிவுக் கத்தி என்றால் போகட்டும், நல்ல கத்திக்கு வேண்டாம்.

அடுத்தது, டிவி சமையல்காரர்கள் சர்சர்ரென்று உரசுகிற ஸ்டீல் கம்பி. பார்க்க ஜோர். ஆனால் அது மடங்கிய விளிம்பை நிமிர்த்துவதோடு சரி. மழுங்கிப் போனதற்கு மருந்தில்லை.

நான் வாங்கியது ஹார்டுவேர் கடையில் இரண்டு பக்கக் கார்பொரண்டம் கல். ஒரு பக்கம் சொரசொர, மறுபக்கம் நைஸ். 1890களில் செயற்கை வைரம் செய்யப் பார்த்த அமெரிக்கர் எட்வர்ட் அச்சிசனுக்கு அகப்பட்ட பொருளாம் இது. (வைரத்தோடு கேட்ட மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.) நம்பர் போட்ட கல் என்றால் சின்ன நம்பர்தான் சொரசொரப்பு. ரொம்ப மழுங்கியதற்கு 400, வழக்கமான கூருக்கு 1000.

சூட்சுமம் கோணத்தில் இருக்கிறது. கல்லில் தண்ணீர் தெளித்து, கத்தியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். பாதி சாய்த்தால் 45 டிகிரி. அதிலும் பாதி சாய்த்தால் இருபது சொச்சம். அங்கேயே நிறுத்தி, சாய்வு மாறாமல் தேயுங்கள். எதிர்ப்பக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும்பியதும் கத்தியைத் திருப்பிப் போடுங்கள். கடைசியில் நைஸ் பக்கத்தில் லேசாக நாலு தேய்ப்பு. பல் வைத்த பிரெட் கத்தி இதற்கு லாயக்கில்லை. அரிவாள்மணை என்றால் கல்தான் அதைத் தேடிப் போக வேண்டும்!

கூர் பார்க்கக் கட்டைவிரல் எதற்கு? பழுத்த தக்காளி போதும். அழுத்தாமல் தோல் பிளந்தால் பாஸ். அதற்கு முன் கத்தியைக் கழுவிவிடுங்கள். கல்தூள் ரசத்துக்கு ருசி சேர்க்காது.