மூன்று வாயில்கள்

கல்வியின் மேன்மையை நம் அன்பர்களுக்கு எடுத்துரைப்பது கொல்லத் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். இம்மும்பை மாநகரில் இட்டிலிப் பாத்திரம் சுமந்து விற்பவரும், சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்குபவரும், தம் மக்களேனும் படித்து முன்னேற வேண்டும் என்றே உற்றார் உறவினரைப் பிரிந்து வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளில் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் சூட்டிகையானவர் பலர் உண்டு. ஆயினும் பட்டறைக்கோ பொறியியற் கல்லூரிக்கோ போய்ச் சேர்பவர் சிலரே. இதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று. எந்த வாயில் எப்பொழுது திறக்கும், அதற்கு எந்தத் தாள் வேண்டும் என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லாமையே காரணமாகும்.

நாம் பத்தாம் வகுப்போடு நின்றவர். விண்ணப்பங்களையும் சான்றிதழ்களையும் புரட்டிப் பிழைப்பவர். ஆதலின் உயர்ந்த தத்துவங்களை அறிஞர்களுக்கு விட்டுவிட்டு, தாள்களைப் பற்றியே இத்திங்கள் எழுதுகிறோம்.

முதல் வாயில் எட்டாம் வகுப்பில் உள்ளது. அரசினர் பள்ளி, நகரசபைப் பள்ளி, உதவி பெறும் பள்ளி ஆகியவற்றில் பயிலும் ஏழைப் பிள்ளைகளுக்காக மத்திய அரசு 2008-ஆம் ஆண்டில் ஓர் உபகாரச் சம்பளத் திட்டத்தைத் தொடங்கிற்று. எட்டாம் வகுப்பில் தேர்வெழுதித் தெரிவு பெறுபவர்க்கு, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை இலட்சத்துக்கு மேற்படலாகாது. பதினான்கு வயதில் பிள்ளையை வேலைக்கு அனுப்பலாமா என்று தந்தை தயங்கும் வேளையில், இத்தொகை அவர் கையைத் தடுத்து நிறுத்தும். ஆனால் எட்டாம் வகுப்பைக் கடந்துவிட்டால் இவ்வாயில் பிறகு திறவாது.

இரண்டாம் வாயில் பத்தாம் வகுப்புக்குப் பின் வருவது. தொழிற்பயிற்சி நிலையம் என்றால் நம்மவரிற் சிலர் முகம் சுளிக்கின்றனர். இது தகாது. பிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் முதலிய தொழில்களைக் கற்றவர்க்கு மேலே ஏறப் படிகள் உண்டு. ஈராண்டுப் பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக்கில் டிப்ளமா பெற்றவர் பொறியியற் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். பணமில்லாதவர் ஏறுவதற்கு இதைவிட உறுதியான ஏணி வேறில்லை.

1961-ஆம் ஆண்டின் அப்ரெண்டிஸ் சட்டப்படி ரயில்வேப் பட்டறைகளிலும் பயிற்சி அளிக்கப்படுகிறது. நம் அருகிலேயே மாதுங்கா, பரேல், லோயர் பரேல் பட்டறைகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பில் ஐம்பது விழுக்காட்டு மதிப்பெண்ணும் தொழிற்பயிற்சிச் சான்றும் வேண்டும்; அவ்விரண்டின் மதிப்பெண்களைக் கொண்டே தெரிவு நடைபெறும்; எழுத்துத் தேர்வு இல்லை. பயிற்சி பெற்றாலே உத்தியோகம் நிச்சயம் என எவரும் எண்ணிவிட வேண்டா. எனினும் ரயில்வேயின் முதல் நிலைப் பணியிடங்களில் நூற்றுக்கு இருபது இவ்வாறு பயின்றவர்க்கென ஒதுக்கப்பட்டுள்ளன.

மூன்றாம் வாயில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் உள்ளது. ஐ.ஐ.டி. என்றதும், அது செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று ஒதுங்குவோர் பலர். பாட்னா நகரில் ஆனந்த் குமார் என்னும் கணித ஆசிரியர் 2002-ஆம் ஆண்டு முதல், ஆண்டுக்கு முப்பது ஏழை மாணவரைத் தெரிந்து, உணவும் உறைவிடமும் தந்து அந்நுழைவுத் தேர்வுக்குப் பயிற்றி வெற்றி கண்டதை நாடறியும். கட்டணத்துக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஓர் இலட்சத்துக்குக் குறைந்தவர்க்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்க்கும் ஐ.ஐ.டி.களில் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடியாகும். ஐந்து இலட்சம் வரை வருமானமுள்ளவர்க்கு மூன்றில் இரு பங்கு தள்ளுபடி உண்டு.

இனி, வெளி மாநிலத்தில் வாழும் நமக்கே உரிய ஒரு சிக்கலைக் கூற வேண்டும். நாம் அறிந்த குடும்பம் ஒன்றில், தந்தை திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து கூலி வேலை செய்பவர். மகன் பத்தாம் வகுப்பில் கணிதத்தில் தொண்ணூற்றைந்து பெற்றவன். ஊரில் பெற்ற சாதிச் சான்றிதழைப் பெரிதும் நம்பி, ஒதுக்கீட்டுப் பிரிவில் மட்டுமே தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பித்தார்கள். "இது இம்மாநிலத்துச் சான்று அன்று" என்று அதை ஏற்க மறுத்துவிட்டனர். அதற்குள் பொதுப் பட்டியல் முடிந்துவிட்டது. அவன் பெற்ற மதிப்பெண்ணுக்குப் பொதுப் பிரிவிலேயே இடம் கிடைத்திருக்கும்! ஓராண்டு முழுவதும் அவன் பார்சல் சுமந்தான். மறு ஆண்டு பொதுப் பிரிவில் விண்ணப்பித்து இடம் பெற்றான். இப்பொழுது பிட்டர் தொழில் பயில்கிறான். போன ஓராண்டு திரும்பி வருமா?

மறுத்தவர்களை நோவதிற் பயனில்லை. அவர்கள் கூறியது சட்டம். ஒரு மாநிலத்தில் தாழ்த்தப்பட்டோராக அறிவிக்கப்பட்டவர், பிழைப்பு நாடி வேறு மாநிலம் சென்றால் அங்குள்ள மாநில அரசின் ஒதுக்கீட்டைக் கோர இயலாது என்று 1990-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஐ.ஐ.டி. போன்ற மத்திய அரசின் கல்வி நிலையங்களிலும், ரயில்வே முதலிய மத்திய அரசுப் பணிகளிலும் சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும். ஆகவே மாநில நிலையங்களுக்குப் பொதுப் பிரிவிலும், மத்திய நிலையங்களுக்கு ஒதுக்கீட்டிலும் விண்ணப்பிப்பதே அறிவுடைமை.

ஊர் திரும்பிப் படிக்க வைக்க எண்ணுவோரும் ஒன்றை அறிய வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியற் சேர்க்கைக்கு, வெளியூரில் பயின்ற தமிழகத்துப் பிள்ளைகள் பிறப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டும். அங்கு அரசுப் பள்ளி மாணவர்க்கென உள்ள ஏழரை விழுக்காட்டு ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழக அரசுப் பள்ளிகளிலேயே பயின்றவர்க்கு உரியது. நம் பிள்ளைகளுக்குக் கிட்டாது. எனவே ஊருக்குச் செல்லும் கோடை விடுமுறையிலேயே, கோயில் கொடைக்கு நாள் குறிப்பது போல், தாலுகா அலுவலகத்துக்கும் ஒரு நாள் குறித்துக் கொள்க.

பெண் மக்களை மறத்தல் பெரும் பிழை. அங்கீகாரம் பெற்ற நிலையங்களில் டிப்ளமாவிலோ பொறியியற் பட்டப் படிப்பிலோ சேரும் பெண்களுக்கெனப் 'பிரகதி' என்ற உபகாரச் சம்பளம் உண்டு. தெரிவு பெறுபவர்க்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப வருமானம் எட்டு இலட்சத்துக்குள் இருத்தல் வேண்டும். ஒரு குடும்பத்தில் இரு பெண்கள் வரை பெறலாம். தம்பிக்குச் சோறாக்க அக்காளை வீட்டில் நிறுத்தும் தாய்மார்கள் இதைச் சற்றே சிந்திப்பார்களாக.

இறுதியாக, சங்கத்து உறுப்பினரில் பொறிஞர்களும் ஆசிரியர்களும் வங்கி அலுவலர்களும் நிறைய உளர். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, ஒருவர் கணக்குச் சொல்லித் தரட்டும். மற்றொருவர் விண்ணப்பம் நிரப்பித் தரட்டும். இரண்டாவது பணிக்கு நாம் சித்தமாயிருக்கிறோம். எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் பிள்ளைகளை உடைய பெற்றோர், வருமானச் சான்றையும் சாதிச் சான்றையும் எடுத்துக்கொண்டு இப்பொழுதே வருக. தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டா.