ஒத்திகையும் மனப்பாடமும்

ஒத்திகை என்னும் சொல், மேடையேறுமுன் வசனத்தை ஒருமுறை சொல்லிப் பார்ப்பது என்ற அளவில் இன்று சுருங்கிவிட்டது. நடிகன் உருவாகும் இடம் மேடையா, ஒத்திகைக் கூடமா? இதைத் தூத்துக்குடிக்காரர்களாகிய நாம் கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி நம் ஊரை அடுத்தே இருக்கிறது.

எமன், சனீஸ்வரன் போன்ற வேடங்களில் பெயர்பெற்ற சுவாமிகள் பின்னர் ஆசிரியரானார். எழுதித் தந்த பாடத்தை விட்டு மனம்போனபடி பேசும் பெரிய நடிகர்களைக் கண்ட அனுபவமே அவரைச் சிறுவர்களிடம் கொண்டுசேர்த்தது எனலாம். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். ஆறு வயதில் அதில் சேர்ந்தவர் தி.க. சண்முகம். தமக்காகச் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்ததை 'எனது நாடக வாழ்க்கை'யில் அவர் நினைவுகூர்கிறார். நாடகத்தை எழுத ஓர் இரவு போதும். அது ஒரு சிறுவனின் நாவிலும் உடலிலும் படிய ஓர் இரவு போதாது.

ஸ்பெஷல் நாடகங்களில் ஒத்திகையே இல்லையே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வந்து, அன்றிரவு மேடையிலேயே சந்தித்து, விடியவிடிய 'வள்ளி திருமணம்' நடத்துகிறார்கள். நாரதரும் வள்ளியும் செய்யும் தர்க்கம் ஊருக்கு ஊர் புதிதாகப் பிறக்கிறது. எனினும் இருவர் நெஞ்சிலும் ஒரே பாடம் இருப்பதால் அன்றோ அது இயலுகிறது? அவர்கள் ஒத்திகையை ஒதுக்கியவர்கள் அல்லர்; பல்லாண்டுகளுக்கு முன்பே அதை முடித்துவிட்டவர்கள்.

பாய்ஸ் கம்பெனிகளின் பயிற்சியில் அடியும் தண்டனையும் கலந்திருந்தன. பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து வாழ்ந்தனர். அக்கொடுமை மீண்டும் வரவேண்டும் என்று எவரும் விரும்பார். ஆனால் அடியை விலக்கிய நாம் பாடத்தையும் சேர்த்து விலக்கிவிட்டோம்.

இன்று கல்லூரி நாடகம் ஆண்டுவிழாவுக்குப் பத்து நாள் முன்னர் தொடங்குகிறது. வசனத்தை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்துவிட்டு, மாணவர் வாயை மட்டும் அசைப்பதும் உண்டு. சொல்லைத் தன் மூச்சில் தாங்காதவன் எவ்வாறு நடிகனாவான்? தமிழ்த் துறைகள் ஒரு நாடகத்தையேனும் ஒரு பருவம் முழுதும் வாய்விட்டுப் பயிலச் செய்யட்டும். அது மேடையேறாமற்போனாலும் நட்டமில்லை. சுவாமிகளின் பெயரை விழாக்களில் உச்சரிப்பதைவிட அவருக்கு அது தகுந்த மரியாதையாகும் என்பது நம் கருத்து.