போர்டை மாற்றும் முன் சென்சாரை அளந்து பாருங்கள்

புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி போன்ற கடலோர ஈரப்பதம் மிகுந்த பகுதியில் ஃப்ரீசர் குளிராமல் போனாலும், ஓயாமல் ஓடினாலும், 'போர்டு போய்விட்டது' என்று சொல்லிவிடுவது எளிது. அளந்து பார்க்காமல் அப்படிச் சொல்வது தவறு. வெப்பநிலையை போர்டுக்குச் சொல்வது தெர்மிஸ்டர் என்னும் சின்னஞ்சிறு சென்சார். குளிர் கூடக் கூட அதன் மின்தடை உயரும். உள்ளே ஈரம் புகுந்தால் இந்தக் கணக்கு பிசகும். கம்பி அறுந்தால் கடுங்குளிர் என்றும், ஷார்ட் ஆனால் வெப்பம் என்றும் போர்டுக்குப் பொய்த்தகவல் போகும். சோதிப்பது கடினமல்ல. மின்சாரத்தைத் துண்டித்து, சென்சாரைக் கழற்றி, நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த டம்ளரில் சில நிமிடம் வைத்தால் அது 0 டிகிரிக்கு வந்துவிடும். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை, அங்கே சுமார் 30 கிலோ ஓம் காட்ட வேண்டும். மல்டிமீட்டரில் எண் தாவினாலும் வெகுவாக விலகினாலும் குற்றவாளி சென்சார்தான்.

எல்லா மாடலுக்கும் ஒரே அளவு கிடையாதே என்பார்கள். நியாயமான மறுப்புதான். ஆனால் அதற்குத் தீர்வு, அளவு அட்டவணையை நிறுவனங்கள் வெளியிடுவது, அளக்காமல் விடுவதல்ல. 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை குழு அமைத்தது. அந்த உரிமைக்கான இணையதளமும் அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. ஒவ்வொரு மாடலின் சென்சார் அட்டவணையும் அங்கே இருக்க வேண்டும். சென்சார் சரியாக இருந்தும் கோளாறு நீடிக்கலாம். அப்போது உப்புக்காற்றில் பச்சை பூத்த கனெக்டரைப் பார்க்க வேண்டும், போர்டு அதற்கும் பிறகுதான். ஆகவே போர்டை மாற்றச் சொல்பவரிடம், சென்சாரின் ஓம் அளவை முதலில் காட்டச் சொல்லுங்கள்.